சத்தம் வராத டிவிடி

அத்தியாயம் பதினேழு

போன வாரம் போனை வைத்துவிட்டுத் தமிழ்மதி தன் அப்பாவைப் பார்த்த பார்வையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அவளும் மறக்கவில்லை. எட்டு நாளாக அப்பாவோடு பேச்சே இல்லை. காபி டம்ளரை அவர் முன்னால் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறாள்.

போனில் பேசியவர் சென்னியப்பன். நெருப்பெரிச்சல் என்ற ஊரில் பனியன் யூனிட் வைத்திருப்பவர். அவளுக்கு மாமனாராக வரப்போகிறவர். சுற்றி வளைக்கத் தெரியாத மனிதர்.

"ஏங் கண்ணு, கம்பெனியில எப்ப லெட்டர் குடுக்கறே? கல்யாணத்துக்கு அப்பறம் வெளி வேலை வேண்டாம், நம்ம யூனிட்டப் பாத்துக்கிட்டாப் போதும்னு உறுதி வார்த்தையன்னிக்கே உங்கப்பாருகிட்டக் கேட்டுட்டேன். அவரும் சரின்னு தலையாட்டிட்டாரு."

தமிழ்மதியின் ஊரான மங்கலத்துப் பக்கம் நிச்சயதார்த்தத்துக்கு உறுதி வார்த்தை என்றுதான் பெயர். அன்றைக்கு நாலு பேர் நடுவில் ஒத்துக்கொண்டதைப் பிறகு மாற்றிப் பேசினால் சொந்தபந்தம், ஒறம்பரை முழுக்க வாய்க்கு வந்தபடி பேசும்.

தமிழ்மதி அந்த ஏற்றுமதி கம்பெனிக்குள் செக்கிங் டேபிளில் நின்றுதான் நுழைந்தாள். வேலை பார்த்துக்கொண்டே தபாலில் பி.காம். முடித்தாள். இன்றைக்கு ஜெர்மனி ஆர்டர் முழுவதும் அவள் கையில் இருக்கிறது. மெர்ச்சண்டைசர் மேடம் என்றால் சாயம் போடுகிற டையிங் யூனிட்காரர்களே எழுந்து நிற்பார்கள். ஏழு வருஷ உழைப்பை அப்பா ஒரு தலையாட்டலில் தூக்கிக் கொடுத்துவிட்டார் என்பதுதான் அவளுக்கு ஆறவில்லை.

கேட்டதற்கு அப்பா கிட்டுசாமி ஒரே பதில்தான் சொன்னார். "நான் அப்பிடி ஒண்ணும் சொல்லலியே சாமி."

அம்மா பொன்னாத்தாள் நம்பினாள். மகள் நம்பவில்லை. காரணம், அண்ணன் சரவணக்குமார் அன்றைக்கு முழுக்க வீடியோ எடுத்திருந்தான். கேமராவின் தீப்பெட்டி அளவுத் திரையில் அவளே பார்த்துவிட்டாள். சென்னியப்பன் கேட்கிறார், அப்பா தலையை ஆட்டுகிறார்.

அதை டிவியில் பெரிதாகப் போட்டு அப்பா முன்னால் காட்ட வேண்டும். "இதுக்கு என்னங்கப்பா சொல்றீங்க?" என்று கேட்க வேண்டும். சென்னியப்பனும் அந்த வீடியோவில் ஒரு பிரதி கேட்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு அவரே வந்து வாங்கிக்கொள்வதாக ஏற்பாடு. ஒரே டிவிடியில் இரண்டு வேலையும் முடிந்துவிடும் என்று அவள் கணக்குப் போட்டிருந்தாள்.

வீடியோவைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது பெரிய காரியமாக இல்லை. அதை வீட்டு பிளேயரில் ஓடுகிற டிவிடியாக்கித் தரும் சாஃப்ட்வேரைத் தேடுவதில்தான் உயிர் போனது.

முதலாவது, பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில் வாங்கியது. சீரியல் நம்பர் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டது. இரண்டாவது, இன்டர்நெட்டில் அரை நாள் காத்திருந்து இறக்கியது. படத்தின் குறுக்கே தன் பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டுவிட்டது. அதுவும் மாப்பிள்ளை செல்வக்குமாரின் நெற்றிக்கு நேராக. மூன்றாவது எழுதித் தந்ததை பிளேயர் டிவிடி என்றே ஒப்புக்கொள்ளவில்லை. கம்ப்யூட்டர் ஃபைலாகவே எழுதி வைத்திருந்ததாம். வீணாய்ப் போன டிவிடிகளைப் பொன்னாத்தாள் கொய்யா மரத்தில் நூல்கட்டித் தொங்கவிட்டாள். கிளி வராது என்று யாரோ சொன்னார்களாம்.

நாலாவது, பதினைந்து நாள் ட்ரையல். இது மரியாதையாக நடந்துகொண்டது. முதல் பக்கத்தில் மெனு, மெனுவில் பூ, பூவுக்குக் கீழே பட்டன்கள். எந்த இடத்தில் வேண்டுமோ அந்த இடத்தில் அத்தியாயம் பிரித்துக்கொள்ளலாம். தமிழ்மதி ஐந்து அத்தியாயம் பிரித்தாள். நாலாவது அத்தியாயம் சென்னியப்பன் நாற்காலியை இழுத்துப் போடுகிற நொடியில் ஆரம்பித்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒன்றரை மணிக்கு டிவிடி தயார். சாம்பிள் பார்க்காமல் சரக்கு அனுப்புகிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. முன் அறைக்குக் கொண்டு வந்தாள். சரவணக்குமார் அவிநாசிபாளையத்தில் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தான். பொன்னாத்தாள் உள் அறையில் சாப்பிட்ட அலுப்பில் படுத்திருந்தாள். கிட்டுசாமி மட்டும் டிவிக்கு எதிரே நாற்காலியில் இருந்தார். பின்கட்டில் அவருடைய நாலு தறிகளுக்கும் அன்றைக்கு லீவு.

படம் வந்தது. சத்தம் வரவில்லை.

அவள் ரிமோட்டை எடுத்து வால்யூமைக் கூட்டினாள். திரையின் அடியில் பச்சைக் கோடுகள் வரிசையாக ஏறி ஓரத்தைத் தொட்டன. அப்போதும் ஒரு சத்தமும் இல்லை. கம்ப்யூட்டரில் நன்றாகக் கேட்டதே என்று யோசித்தபோது, பொடி எழுத்தில் ஏதோ போட்டிருந்தது ஞாபகம் வந்தது. ட்ரையலில் டிவிடிக்கு ஆடியோ சேராது, பணம் கட்டினால்தான் சேரும். படிக்காமல் ஓகே கொடுத்திருந்தாள். தன் தலையில் தானே அடித்துக்கொண்டாள்.

அப்போது கிட்டுசாமி பேசினார்.

"சத்தத்தக் கொஞ்சம் கொறச்சு வெய்யி கண்ணு. உங்கம்மா இப்பத்தான் கண்ணசந்தா."

கேலி செய்கிறாரோ என்று நினைத்தாள். அவர் முகத்தில் கேலி இல்லை. எட்டு நாள் கழித்து மகளிடம் பேச ஒரு சாக்குக் கிடைத்த சந்தோஷம்தான் இருந்தது. அவள் ரிமோட்டை அழுத்தினாள். பச்சைக் கோடுகள் குறைந்து பாதிக்கு வந்தன.

"ம். இது போதும்" என்றார்.

வீட்டில் ஃபேன் சத்தம் மட்டும்தான் இருந்தது. தமிழ்மதி மெதுவாக அவர் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றாள்.

"அப்பா."

அவர் படம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா." இன்னும் உரக்கக் கூப்பிட்டாள். மூன்றாவது தடவை கூப்பிட்டபோது உள் அறையில் அம்மா புரண்டு படுத்த வளையல் சத்தம் கேட்டது. அப்பா திரும்பவில்லை. திரையில் பெரியம்மா குழந்தையம்மாள் கேமராவைப் பார்த்து ஏதோ பேசினாள். கிட்டுசாமி சிரித்தார்.

"இவ பேச்சப் பாரு. பாயசத்துல சக்கரை பத்தலைங்கறா. ரெண்டாவது டம்ளர வாங்கிக்கிட்டே சொல்றா."

குழந்தையம்மாள் அன்றைக்கு அதைத்தான் சொன்னாள், வார்த்தை மாறாமல். கம்ப்யூட்டரில் தமிழ்மதி நாலு தடவை கேட்டிருக்கிறாள்.

விசைத்தறி செட்டுக்குள் யாரும் காதை நம்பிப் பேசுவதில்லை. இருபது தறி ஒன்றாக அடிக்கும்போது உதட்டைப் பார்த்துத்தான் பேச்சு. கிட்டுசாமி கூலிக்கு ஓட்டிய முப்பது வருஷமும் அப்படிப் பேசியவர். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். கொஞ்சம் என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். எதிரில் நின்று பேசினால் அவர் சரியாகப் பதில் சொல்லிவிடுவதால் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை.

நாலாவது அத்தியாயம் வந்தது. சென்னியப்பன் நாற்காலியை இழுத்து அப்பாவுக்குப் பக்கவாட்டில் போட்டார். தோளில் கையைப் போட்டு, வலது காதோரம் குனிந்து பேசினார். சொந்தக்காரரிடம் அந்தரங்கமாகப் பேசுகிறவர் அப்படித்தான் பேசுவார். அப்பாவுக்கு அவர் உதடு தெரிய வழியே இல்லை. அப்பா நேராகப் பார்த்தபடியே முகவாயை இரண்டு தடவை மேலே தூக்கினார்.

சத்தம் இல்லாமல் பார்த்தபோதுதான் தமிழ்மதிக்கு அந்த ஜாடை தெரிந்தது. சின்ன வயதில் தறி செட்டுக்குச் சோற்றுப் போசி கொண்டு போவாள். வாசலில் நின்று கூப்பிடுவாள். தறிகளுக்கு அந்தப் பக்கமிருந்து அப்பா இதேபோல முகவாயை இரண்டு தடவை தூக்குவார். உன்னைப் பார்த்துவிட்டேன், நீ சொல்வது கேட்கவில்லை, தறி நிற்கட்டும் வருகிறேன் என்று அர்த்தம். மங்கலத்தில் எந்த செட்டிலும் அதைச் 'சரி' என்று யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். சரி என்பதற்குக் கையைத் தூக்குவார்கள். நெருப்பெரிச்சல் பனியன்காரருக்கு அது தெரிய நியாயமில்லை. ஆனால் மகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தமிழ்மதிக்கு வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது.

படத்தை நிறுத்திவிட்டு அவர் எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.

"இந்த டிவிடியில சத்தமே வரலீங்கப்பா."

கிட்டுசாமி அவள் உதட்டைப் பார்த்தார். பிறகு டிவியைப் பார்த்தார். அவள் கையிலிருந்த ரிமோட்டைப் பார்த்தார்.

"எந்த எடத்துலருந்து?"

"மொதல்ல இருந்தே."

அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைத்த பிறகும் துண்டை எடுக்கவில்லை. அவளே மெல்ல அதை விலக்கினாள்.

"எத்தன வருசமாங்கப்பா?"

"வலது காது பன்னண்டு வருசம் இருக்கும். எடதுல கொஞ்சம் ஓடிக்கிட்டிருந்துது. அதும் ரெண்டு வருசமா இல்ல."

"ஏனுங்க எங்ககிட்டச் சொல்லல?"

"மொதல்ல, சொன்னா தறியில நிக்க உடமாட்டாங்கன்னு பயம். அப்பறம் அப்பிடியே பழகிருச்சு. உனக்கு மாப்பிள்ளை பாக்க ஆரம்பிச்சப்பறம் எப்பிடிச் சொல்றது? பரம்பரையா வர்றதான்னு கேப்பாங்க. தறிச் சத்தத்துல போன காதுன்னா நம்புவாங்களா?"

"அன்னிக்கு மாமா என்ன கேட்டாருன்னாவது..."

"இன்னிக்கு வரைக்கும் தெரியாது. நீ கோவமாப் படபடன்னு என்னமோ கேட்டே. வேலைங்கற சொல்லு உதட்டுல தெரிஞ்சுது. நான் யாருகிட்டயும் எதுவும் சொல்லல, அதத்தான் சொன்னேன். நீ மூஞ்சியத் திருப்பிக்கிட்டே. நீ திருப்பிக்கிட்டா எனக்கு அப்பறம் ஒண்ணுமே இல்ல கண்ணு."

எட்டு நாள் அவள் எப்படி நடந்துகொண்டாள் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கோபத்தில் பேசாமல் இருந்ததாக நினைத்தாள். அவருக்கு இருந்த ஒரே வழியையும் அடைத்து வைத்திருந்தாள். அழுகையை அடக்கிக்கொண்டு, நேருக்கு நேராகப் பார்த்து, சென்னியப்பன் கேட்டதை ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"உன்ற வேலைய உடச் சொல்லி நான் தலையாட்டுவனா?" என்றார் கிட்டுசாமி. டிவியைக் காட்டி, "அந்த எடத்த மட்டும் வெட்டிரு. வெட்டுனாத் தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியாதுங்க. ஆனா மாமா கேட்டது கேட்டதுதானுங்களே. நீங்க இல்லீங்கறீங்க, அவரு ஆமாங்கறாரு. உங்களத்தான் வாக்கு மாறுன ஆளும்பாங்க."

மணி இரண்டரை ஆகியிருந்தது.

தமிழ்மதி மறுபடியும் தேட உட்கார்ந்தாள். இந்தத் தடவை மெனுவும் பூவும் அவளுக்கு வேண்டியிருக்கவில்லை. சத்தம் சேர வேண்டும், படத்துக்கு அடியில் எழுத்து வர வேண்டும். கம்ப்யூட்டர் பத்திரிகையோடு எப்போதோ இலவசமாக வந்த சிடியில் ஒன்று அகப்பட்டது. பார்க்க லட்சணமில்லாத சாஃப்ட்வேர், ஆனால் இரண்டுக்கும் இடம் வைத்திருந்தது. தமிழில் அடித்தால் கட்டம் கட்டமாக வந்தது. கம்பெனி நோட்டீஸ் போர்டுக்கு அடிக்கிற பழைய எழுத்துருவை மாற்றிப் போட்டதும் எழுத்து எழுத்தாக நின்றது.

முழு வீடியோவுக்கும் அடிக்க நேரமில்லை. நாலாவது அத்தியாயம் வரைக்கும் அடித்தாள். எதிரில் பேசியவர்கள், முதுகைக் காட்டிப் பேசியவர்கள், தூரத்தில் பேசியவர்கள், யாரையும் விடவில்லை. கிட்டுசாமி பின்னால் வந்து நின்று படித்துக்கொண்டிருந்தார்.

ஒரு வரியில் நின்றுவிட்டார். கேமராவுக்கு முதுகைக் காட்டி நின்ற பங்காளி நல்லான் யாரிடமோ சொன்னது அது. 'கிட்டுசாமிக்குக் கருவம். பின்னாலருந்து கூப்பிட்டாத் திரும்பிக்கூடப் பாக்க மாட்டான்.'

"நல்லானா இப்பிடிச் சொல்றான்?"

"ஆமாங்கப்பா."

"என்னோட ஒரே செட்டுல ஓட்டுனவன்." அவர் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "பன்னண்டு வருசமா என்னைப் பத்தி இதைத்தான் பேசிக்கிட்டிருந்திருக்காங்க."

அடுத்து சென்னியப்பனின் கேள்வி வந்தது. அதை இரண்டு தடவை படித்தார். முகவாய் தூக்குகிற இடத்துக்கு நேரே எழுத்துப் பெட்டி காலியாக இருந்தது.

"இங்க என்னங்கப்பா போடறது? வெட்டிரட்டுமா?"

"வேண்டாம், எழுது." சுவரைப் பிடித்துக்கொண்டு, அந்த இடத்தில் இன்னும் உட்கார்ந்திருப்பவர்போல நிதானமாகச் சொன்னார். "கேக்கலீங்க சம்பந்தி. இந்தப் பக்கம் வந்து சொல்லுங்க."

அவள் அப்படியே அடித்தாள். நாலே முக்காலுக்கு டிவிடி வெளியே வந்தது.

ஐந்து மணிக்குச் சென்னியப்பனின் கார் வந்தது. பொன்னாத்தாள் எழுந்து முகம் கழுவிக் காபி போட்டாள். நடந்தது எதுவும் அவளுக்கு இன்னும் தெரியாது.

"வாங்க மாமா" என்று தமிழ்மதி டிவிடியை டீப்பாய்மேல் வைத்தாள்.

"ரெடியாயிருச்சா? கெட்டிக்காரி" என்றார் சென்னியப்பன். நல்ல மனதோடுதான் சொன்னார். காபியைக் குடித்துக்கொண்டே, "லெட்டரும் குடுத்தாச்சா கண்ணு?" என்றார்.

கிட்டுசாமி எழுந்து அவர் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"சம்பந்தி, எனக்குக் காது கேக்காதுங்க. ரெண்டுமே. தறியிலயே போயிருச்சு. உறுதி வார்த்தையன்னிக்கு நீங்க காதோரமாச் சொன்னது எனக்கு ஒண்ணும் விளங்கல. நான் ஆட்டுனது செட்டுல ஆட்டற மாதிரிங்க, சரின்னு ஆட்டல. பொண்ணு வேலைக்குப் போகட்டும். அத நான் உடச் சொல்ல மாட்டேன்."

அடுக்களை வாசலில் பொன்னாத்தாள் அப்படியே நின்றுவிட்டாள். சென்னியப்பன் டம்ளரைக் கீழே வைத்தார்.

"இத்தன நாளாச் சொல்லாம உட்டுட்டீங்களே சம்பந்தி."

"தப்புத்தானுங்க" என்றார் கிட்டுசாமி.

"வேலை கெடக்குது, அத அப்பறம் பேசலாம். இதச் சொல்லியிருக்கணுமில்லீங்களா?" வேட்டியைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். "ஊட்டுல கலந்துக்கிட்டுச் சொல்றனுங்க. வர்றேன்."

டிவிடியை எடுக்காமலே போனார். கேட்டைத் திறக்கும்போது, முதுகு இந்தப் பக்கம் இருக்க, டிரைவரிடம் கையை ஆட்டிச் சொன்னது தமிழ்மதிக்குத் தெளிவாகக் கேட்டது. "நாளைக்குப் பொறக்கற கொழந்தைக்கும் இப்பிடி வந்துதுன்னா யாருப்பா ஜவாப்பு? இந்தச் சம்பந்தத்தையே யோசிக்கணுமாட்ட இருக்குது."

கார் திரும்பிப் போனது. கிட்டுசாமி மகளைப் பார்த்தார்.

"போறப்ப என்னமோ சொன்னாரே. என்ன சொன்னாரு?"

இத்தனை வருஷத்தில் அவர் யாரிடமும் இப்படிக் கேட்டதில்லை. கேட்காததைக் கேட்டதுபோலவே காட்டிக்கொண்டு வாழ்ந்தவர். ஒன்றுமில்லை என்று சொல்லிவிடலாம், அது சுலபம். இப்போது மறைத்தால் இனி அவர் கேட்கவே மாட்டார் என்று தமிழ்மதிக்குத் தோன்றியது. எதிரில் வந்து நின்று, ஒரு சொல்கூட விடாமல் சொன்னாள்.

பொன்னாத்தாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கிட்டுசாமி டீப்பாய்மேல் கிடந்த டிவிடியை எடுத்து ஓரமாக வைத்தார்.

"இது அவரு சொன்னது. கட்டிக்கப் போறவன் என்ன சொல்றான்னு தெரிய வேண்டாமா? செல்வக்குமாருக்குப் போனப் போடு. உன்ற வேலையையும் கேளு, என்ற காதையும் கேளு."

"ஸ்பீக்கர்ல..." என்று வாய்தவறிச் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"எனக்கு எதுக்குச் சாமி ஸ்பீக்கரு?" என்றார் அவர். இந்தத் தடவை அவருக்குச் சிரிப்பு வந்தது. "நீ பேசறதப் பாத்தாப் போதும். அவன் என்ன சொல்றான்னு உன்ற மூஞ்சியிலயே தெரிஞ்சுரும்."

மூன்றாவது ரிங்கில் செல்வக்குமார் எடுத்தான். கிட்டுசாமி நாற்காலியை இழுத்து, மகளின் முகம் நன்றாகத் தெரிகிற இடத்தில் போட்டு உட்கார்ந்தார்.